என் கணவர் யன்னல்களை அமத்திப் பார்க்கத் தொடங்கிய கதை

ஜேர்மனியில், நொய்கெல்ன் பகுதியில் நாங்கள் வீடு வாங்கியபோது என் கணவருக்கு யன்னல்களைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இருக்கவில்லை. அவர் நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்தால் வெளிச்சமான அறையாகப் பார்த்து உட்காருவார். அவ்வளவுதான்.

எங்கள் வீடு நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஒவ்வொரு யன்னலும் இரண்டு அடுக்கு. வெளியே ஒரு சோடிக் கதவு, உள்ளே ஒரு சோடிக் கதவு, நடுவில் ஒரு சாண் இடைவெளி. குளிர்காலத்தில் அந்த இடைவெளியில் நான் பால் பெட்டியையும் தோசைமாவையும் வைப்பேன். குளிர்சாதனப் பெட்டிக்கு அது நல்ல துணையாக இருந்தது.

முதல் குளிர்காலத்தில் படுக்கையறை யன்னல் எல்லாம் பூட்டியிருந்தும் திரைச்சீலை ஆடியது. என் கணவர் உள்கதவைத் திறந்து, வெளிக்கதவின் கீழ்ச்சட்டத்தைப் பெருவிரலால் அமத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. மரம் நனைந்த கேக் மாதிரி இருந்தது.

யன்னல் விற்கும் ஒரு கடையிலிருந்து ஒரு பொடியன் வந்து அளந்தான். பிளாஸ்டிக் போடுங்கோ, மூன்று அடுக்குக் கண்ணாடி, இனி வாழ்நாளில் பெயின்ற் அடிக்கத் தேவையில்லை என்றான். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் கட்டட நிர்வாகம் மறுத்துவிட்டது. வீட்டின் முகப்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ஒன்று, வீதியிலிருந்து பார்க்க யன்னல் முன்பிருந்த மாதிரியே மரத்தில் இருக்கவேண்டும். சரியென்று தச்சர்களுக்குத் தொலைபேசி எடுத்தோம். பலர் எடுக்கவேயில்லை. எடுத்த ஒரு பெண் தச்சர், அடுத்த வருடம் வரைக்கும் டெர்மின் இல்லை, ஒரு நாளும் ஒதுக்க ஏலாது, அழுகிய துண்டை மட்டும் மாற்றுவதென்றால் கதவைக் கழற்றிக்கொண்டு வாருங்கள், மிச்சத்தை நீங்களே செய்யலாம் என்றார்.

“நானோ?” என்று கேட்டுவிட்டு என் கணவர் என்னைப் பார்த்தார். அதுவரை அவர் வீட்டில் ஒரு ஆணி அடித்தது கிடையாது.

வளர்ந்தவர்களுக்கான மாலை வகுப்புகள் நடக்கும் இடத்தில் பழைய யன்னல் திருத்த ஒரு வாரஇறுதி வகுப்பு இருந்தது. அதில் போய்ச் சேர்ந்தார். முதல் நாளே அலுத்துப்போய் வருவார் என்று நினைத்தேன். ஆளிவிதை எண்ணெய் மணத்தோடும், நான் அவரிடம் பல வருடமாகக் காணாத ஒரு முகத்தோடும் வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைத் தொடாமல், கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடிக்கிற புட்டியைப் பற்றிப் பேசினார்.

அந்த வசந்தகாலம் முழுக்க எங்கள் வரவேற்பறை பட்டறையாகக் கிடந்தது. அழுகிய கதவை முதலில் அந்தப் பெண் தச்சரிடம் கொண்டுபோய்த் துண்டு மாற்றி வந்தார். ஒவ்வொரு கதவாகக் கழற்றி இரண்டு மரக்குதிரைத் தாங்கிகளின் மேல் கிடத்துவார். கதவு போன இடத்தில் பொலித்தீன் படபடக்கும். பழைய பெயின்றில் ஈயம் இருக்குமாம். அதனால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சூட்டில் இளக வைத்து, தூசி பறக்காமல் சுரண்டினார். வெள்ளைக்குக் கீழே மண்ணிறம், அதற்குக் கீழே ஒரு பச்சை. காய்ந்து வெடித்த புட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். அது காயும் வரைக்கும் வாரக்கணக்கில் என்னைத் தொடவிடவில்லை. பிறகு ஆளிவிதை எண்ணெய் பெயின்றை மெல்லிசாக, காய விட்டுக் காய விட்டுப் பூசினார். கண்ணாடியின் ஓரத்திலும் ஒரு மயிரிழை அளவு பெயின்ற் ஏறவேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணி புட்டிக்குள் இறங்கும் என்பார்.

காற்று வராமல் ரப்பர் பட்டி ஒட்டும் நேரம் வந்தபோது, இரண்டு அடுக்குக்கும் ஒட்டினால் என்ன என்று நான் கேட்டேன்.

“உள்ளுக்கு மட்டும்தான்” என்றார். “வெளிக்கதவு கொஞ்சம் மூச்சு விடவேணும். இல்லாட்டி நடுவிலை ஈரம் தேங்கி நிக்கும். நீர் பாரும், இந்த முறை உம்மடை பால் பெட்டியிலை தண்ணி பிடிக்காது.”

வேலை முடிந்த அன்று கதவுகளைத் திரும்பக் கொழுவிவிட்டு இரண்டு பேரும் யன்னலடியில் நின்றோம். கண்ணாடி அந்தக் காலத்துக் கண்ணாடி. ஒரு இடத்தில் தடிப்பு, ஒரு இடத்தில் மெல்லிசு. கீழே வீதியில் போகிற சனம் கொஞ்சம் வளைந்து, பிறகு நிமிர்ந்து போனது. திரைச்சீலை ஆடவில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எங்கள் வீட்டில் அமத்திப் பார்க்க யன்னல் முடிந்துபோனதால், மற்றவர்களின் வீட்டில் அமத்தத் தொடங்கினார். பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வருமுன் யன்னலடியில் நிற்பார். கீழ்ச்சட்டத்தில் பெருவிரல். “இது இன்னும் ரெண்டு மாரி தாங்கும்” என்று அந்த வீட்டுக்காரருக்குச் சொல்வார். ஒரு கலியாணத்தில் தாலி கட்டுகிற நேரம் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால் மண்டபத்தின் பின்பக்கம் குந்தியிருந்து ஒரு யன்னலின் தண்ணீர் போகும் துளையைத் தீக்குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். சிநேகிதர்கள் அவரை யன்னல் டொக்டர் என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அது பகிடியாகவே தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் அவருடைய தங்கை, என் மச்சாள், விமான நிலையம் இருக்கிற ஷோனெஃபெல்டுக்கு அப்பால் புதுவீடு கட்டத் தொடங்கினாள். அவள் ஒரு வரிக் கணக்காளரின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். எதையும் ஒருமுறை யோசித்து ஒருமுறை முடிவெடுக்கிற ஆள். ஒரு நாள் எனக்குத் தொலைபேசி எடுத்து, யன்னலுக்கு ஓடர் குடுத்துவிட்டோம், எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக், அண்ணாவுக்கு இப்ப சொல்லவேண்டாம் என்றாள். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் அப்போது தங்கைக்குக் காட்டவென்று ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய மரத்துண்டுகள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனோம். சுவர்களும் கூரையும் மட்டும் நின்றன. யன்னல் வரவேண்டிய இடமெல்லாம் ஓட்டை. மேலே விமானங்கள் தாழப் பறந்தன. சாப்பாட்டறை வரப்போகும் இடத்தில் சீமெந்துப் பைகளின் மேல் என் கணவர் தன் துண்டுகளைப் பரப்பினார். பைன் மலிவு, ஆனால் மென்மையான மரம், அடிக்கடி பெயின்ற் கேட்கும். லேர்ஹ என்கிற ஊசியிலை மரத்தில் பிசின் அதிகம், வெயில் மழை தாங்கும். ஓக் பாரம், கதவைத் தாங்குகிற பிணைச்சலும் அதற்கேற்ற மாதிரி வேண்டும். பெயின்ற் அடிக்கப் பஞ்சியென்றால் உள்ளே மரமும் வெளியே அலுமினியமும் இருக்கிற மாதிரி எடுக்கலாம். இப்படி ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் காட்டினார். மச்சாளின் கணவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணா,” என்றாள் மச்சாள், “யன்னல் ஓடர் குடுத்தாச்சு. பிளாஸ்டிக்.”

அவர் “ஓம்” என்றார். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு கூரை ஓடு என்ன நிறம் என்று கேட்டார். திரும்பி வரும் வழியில் காருக்குள் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். “அவளின்ரை வீடுதானே.”

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நாள் மச்சாளுக்கு எடுத்து, ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் இருக்கிறார்கள், பெயின்ற் அடிக்க எங்களுக்கு எங்கே நேரம் என்றாள். அண்ணா வருகிற நேரமெல்லாம் யன்னலை அமத்திப் பார்ப்பார் என்று பயமாயும் இருந்தது என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“அண்ணி, அவர் எனக்கு என்ன வேணும் எண்டு கேக்கேல்லை. எந்த மரம் எண்டுதான் கேட்டவர்.”

அதை நான் அவருக்கு அப்படியே சொன்னேன். சில நாட்கள் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பிறகு ஒரு பின்னேரம் குசினியில் எனக்கு முன்னாலேயே தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார்.

“சரி, சொல்லு,” என்றார். “உனக்கு என்ன வேணும்?”

அவள் சொன்னதை ஒரு கடதாசித் துண்டில் எழுதக்கூட இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். படுக்கையறைகளில் விமானச் சத்தம் கேட்கக்கூடாது. தூரிகை பிடிக்க ஏலாது. பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் மட்டும் நிறைய வெளிச்சம் வேண்டும். அவர் யோசித்துவிட்டு, மேல்மாடிக்குத் தடித்த கண்ணாடியோடு நீ எடுத்ததே போதும், அதிலே பிழையில்லை என்றார். அப்படி அவர் ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. அவளும் எதிர்பார்த்திருக்கமாட்டாள். கிழமை முடியுமுன் திரும்ப எடுத்தாள். சாப்பாட்டறை யன்னலைக் கடையில் இன்னும் செய்யத் தொடங்கவில்லையாம், அதை மட்டும் மாற்றலாமாம். கூரை வெளியே நீண்டிருப்பதால் அந்தப் பக்கம் மழையும் நேரே அடிக்காது.

“லேர்ஹவிலை போடுறம்,” என்றாள். “எண்ணெய் பூசுறது உங்கடை பொறுப்பு.”

புதுவீட்டில் பால் காய்ச்சின நாளில் எல்லோரும் அந்த யன்னலடியில்தான் நின்றார்கள். தேன் நிற மரம், அதற்கப்பால் வயல், வயலுக்கப்பால் விமானங்கள். என் கணவர் அன்று எதையும் அமத்திப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் மாரியில் மச்சாள் பதறியடித்து எடுத்தாள். யன்னலில் தண்ணீர் வழிகிறது, மரத்தின் கீழே கறுப்பாகப் புள்ளி வருகிறது. மற்ற யன்னல்கள் எப்படி என்று இவர் கேட்டார். அவற்றிலும் வழிகிறதுதான், ஆனால் பிளாஸ்டிக்கில் புள்ளி விழாதே என்றாள். புதுவீடு காற்றுப் புகாத வீடு. புட்டும் இடியப்பமும் அவிக்கிற ஆவி முழுக்க உள்ளேயே சுற்றி, குளிர்ந்த கண்ணாடியில் போய் இருந்துவிடுகிறது. காலையும் மாலையும் எல்லா யன்னலையும் அகலத் திறந்து ஐந்து நிமிடம் லுஃப்டன் செய் என்றார். இந்தக் குளிரில் சூடாக்கிய காற்றை வெளியே விடச் சொல்லுகிறீர்களா என்று அவள் சண்டை பிடித்தாள். கடைசியில் மச்சாளின் கணவர் தன் கைத்தொலைபேசியில் அலாரம் வைத்தார். அது அடித்தால் பிள்ளைகள் குளிருடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஒவ்வொரு யன்னலாகத் திறப்பார்கள். அது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. தண்ணீர் நின்றது. புள்ளியை இவர் வசந்தத்தில் போய் மெதுவாகத் தேய்த்து எடுத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு வசந்தமும் போகிறோம். அவர் ஈரத்துணியால் சட்டத்தைத் துடைப்பார், தண்ணீர்த் துளையில் தூசி இருந்தால் எடுப்பார், ரப்பரைத் தடவிப் பார்ப்பார், பிணைச்சலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். பிறகு வெளிப்பக்கத்துக்கு மெல்லிசாக ஒரு பூச்சு. மத்தியானத்துக்குள் முடிகிற வேலை. அவர் பின்னேரம் வரைக்கும் இழுப்பார். அந்த வரிசையில் மற்ற வீடுகள் எல்லாவற்றிலும் பிளாஸ்டிக்தான். போன முறை பக்கத்து வீட்டு ஜேர்மன்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தன் தோட்டக் கதவையும் ஒருக்கால் பார்க்க முடியுமா என்று கேட்டார். இவர் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து மச்சாள், அவருக்கு டெர்மின் இல்லை என்று ஜேர்மனில் சொல்லிவிட்டாள்.

இந்த வருடம் சாப்பாடு ஆறுகிறது என்று இவரை வலுக்கட்டாயமாக உள்ளே கூப்பிட்டு இருத்தினோம். நண்டுக்கறி. இவர் சாப்பிடுகிற நேரம் மச்சாள் வெளியே போய் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணாடியில் தட்டினாள்.

“அண்ணா, மூலையிலை எண்ணெய் வழிஞ்சிருக்கு.”

“இருக்காது,” என்றார் இவர்.

அவள் அசையவில்லை. இவர் சோற்றுக் கோப்பையோடு எழும்பி, நண்டுக்கறி பட்ட விரல்களை அகல விரித்துப் பிடித்தபடி வெளியே போய்க் குனிந்து பார்த்தார். வழிந்துதான் இருந்தது. மச்சாள் எண்ணெய்த் துணியை எடுத்து, சட்டத்தின் மூலையை அழுத்தாமல், மரத்தின் ரேகை போன திசையிலேயே துடைத்தாள். சரியாகத்தான் துடைத்தாள். இவர் அங்கேயே நின்று மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.