இறுக்கியக்காவின் கடைசித் திருப்பு

அந்த வீட்டில் அவள் மூடி வைத்த எதையும் வேறு யாராலும் திறக்க முடியாது. சர்க்கரை டப்பாவுக்கு, எண்ணெய் பாட்டிலுக்கு, இருமல் மருந்துக்கு எல்லாம் ஒரே கதிதான். குழாயை அவள் மூடிவிட்டுப் போனால் பாத்திரம் கழுவ அவளே திரும்பி வர வேண்டும். சர்க்கரை இல்லாமல் டீ குடித்துப் பழகியது டாக்டர் சொல்லி அல்ல, பெண்டாட்டியின் கைவலிமையால்தான் என்று தையல்காரரான அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவள் வேலை பார்த்த சைக்கிள் பட்டறையிலும் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இறுக்கியக்கா. அவ்வளவுதான்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கைக்குள் இருந்தது பயம் என்பது யாருக்கும் தெரியாது.

அவளுடைய அப்பா சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார். மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் கழன்றது. மிதித்த கால் வெற்றிடத்தில் இறங்க, அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. அவர் இல்லாமல் வீட்டுக்கு வந்த சைக்கிளில் ஒரு கீறல்கூட இல்லை, செயின் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பாவாடை சட்டை போட்ட வயதில் அதைப் பார்த்தவள், வளர்ந்து ஏன் சைக்கிள் பட்டறைக்கே வேலைக்கு வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. பாம்பைக் கண்டு பயந்தவன் பாம்பு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பான் அல்லவா, அப்படித்தான்.

அவளுக்கு ஒரே மகள். நர்ஸுக்குப் படித்து முடித்த கையோடு குன்றின் உச்சியில் இருந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. காலை ஷிப்ட் விடியும்போதே தொடங்கும், அந்த நேரத்தில் மேலே போக பஸ் கிடையாது. மகள் ஒரு மெல்லிய எஃகு ஃபிரேமைத் தேர்ந்தெடுத்து, நீலப் பெயின்ட் அடிக்கச் சொல்லிக் கொண்டுவந்து பட்டறையில் சாய்த்தாள். மீதி எல்லாவற்றையும் அம்மாதான் பூட்ட வேண்டும், வேறு யார் கையும் படக்கூடாது என்றாள். கேட்ட தாய்க்குப் பெருமை ஒரு நொடி, அதன் பிறகு அப்பாவின் சைக்கிள் நினைவு.

மேடு ஏறுகிற வண்டிக்கு முன்னால் இரண்டு பல்சக்கரம் வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செயினைத் தள்ளிவிடுகிற சின்ன உறுப்புக்கு முன்மாற்றி என்று பட்டறையில் பெயர். சரியாக உட்காராவிட்டால் அது செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றாமல் வெளியே தள்ளிவிடும். அவளுடைய வாழ்நாள் பயம் முழுவதும் உள்ளங்கை அளவு இரும்பாக மேசைமேல் கிடந்தது.

அதிலும் மூன்று வகை. சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயை வளையல்போலச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் வகை ஒன்று. ஃபிரேமிலேயே பற்றவைத்த காதில் திருகும் வகை இன்னொன்று, ஆனால் மகளின் ஃபிரேமில் அந்தக் காது இல்லை. மூன்றாவது, பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணத்துக்கு அடியில் தகடாகச் சொருகும் வகை. அதை மேலே கீழே நகர்த்த முடியாது. அதற்குப் பொருந்தும் சின்னப் பல்சக்கரம்தான் போட முடியும், சமதரையில் வேகம் குறையும். பார்க்கவும் தவலைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்.

அவள் மூன்றையும் கையில் எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். சாப்பிடும்போது அதுதான் நினைப்பு. பல் தேய்க்கும்போதும் அதுதான். உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நீ இவ்வளவு யோசிக்கவில்லையே என்று கணவர் கேட்டதற்கு, யோசித்திருக்கலாம் என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைசியில் பட்டறை முதலாளிதான் கிளாம்ப் போடச் சொன்னார். உயரத்தைத் துல்லியமாக வைக்கலாம், செயின் கழலாது. ஆனால் ஒரு விஷயம் என்று இறுக்கத்தை அளக்கும் அளவு ஸ்பேனரை அவள் கையில் வைத்தார். குழாய் மெல்லியது. ஸ்பேனர் கிளிக்கென்று சொன்னால் அதோடு கையை எடுத்துவிட வேண்டும்.

"அதுக்கு மேல உன் கை சொல்றதைக் கேக்காதம்மா" என்றார்.

மாலையில் முதலாளி வெளியே போயிருந்த நேரம் அவள் கிளாம்பைப் பூட்டினாள். ஸ்பேனர் கிளிக் என்றது. கையை எடுத்தாள். நின்று பார்த்தாள். இவ்வளவு லேசாகப் பிடித்திருக்கும் ஒரு வளையம், மேட்டில் மகள் எழுந்து நின்று மிதிக்கும்போது நழுவினால்? பின்னால் லாரி வந்தால்? அளவு காட்டாத சாதாரண எல்-கீயை எடுத்தாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சமே கொஞ்சம். கைக்கு நிம்மதி வரட்டும் என்று கடைசியாக ஒரு திருப்பு.

நெறுக்.

எறும்பை மிதித்த அளவு சத்தம். கிளாம்பின் ஓரத்தில் நீலப் பெயின்டில் ஒரு மயிரிழைக் கோடு ஓடியிருந்தது. வளையத்துக்கு அடியில் என்ன ஆயிற்று? பெயின்ட் மட்டுமா, குழாயே விரிசல் விட்டுவிட்டதா? பார்க்க முடியாதபடி அந்த வளையமே மூடிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் அவளால் கழற்ற முடியவில்லை. துணியால் அந்தக் கோட்டைத் துடைத்தாள். துடைத்தால் போய்விடும் என்பதுபோலத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது மகள் உள்ளே வந்தாள். முடிந்துவிட்டதா, ஒரு தடவை மேடு வரைக்கும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று வண்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். இவள் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்ற ஒரு சொல், எத்தனையோ முறை எத்தனையோ விஷயத்துக்குச் சொன்ன சொல், அன்றைக்கு வரவில்லை. மகள் கையை ஆட்டிவிட்டு ஏறி மிதித்தாள். நீல வண்டி தெருமுனையில் திரும்பியது.

அதன் பிறகுதான் அவளுக்குக் கால் வந்தது.

எல்-கீயைக் கையில் பிடித்தபடி, செருப்பில்லாமல், நடுத்தெருவில் ஓடினாள். கடை வாசலில் நின்ற ஒருவர், எவன்மா உன்னை ஏமாத்திட்டு ஓடறான், இந்தப் பக்கம் யாரும் வரலையே என்றார். அவள் காதில் எதுவும் விழவில்லை. கண்ணுக்கு முன்னால் ஃபிரேம் இரண்டாக ஒடிந்துகொண்டே இருந்தது. மகள் விழுந்துகொண்டே இருந்தாள். லாரிச் சத்தம் கேட்டபோதெல்லாம் உடம்பு நின்று நின்று ஓடியது. கடவுளே, என் கையை எடுத்துக்கொள், இரண்டையும் எடுத்துக்கொள், அவளைக் கொடுத்துவிடு என்று மூச்சுக்கு நடுவே வேண்டினாள்.

மேடு தொடங்குகிற வளைவில் நீலம் தெரிந்தது. வண்டி சுவரில் சாய்ந்திருந்தது. செயின் தொங்கிக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் பார்த்த அதே காட்சி. அவளுக்கு உலகம் இருட்டிவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில், நடைபாதையில் உட்கார்ந்து கையில் பட்ட கிரீஸைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்த மகளை அவள் கண் பார்த்தது, மனம் நம்பவில்லை. பக்கத்தில் போய்த் தலை, தோள், முழங்கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகலைம்மா. மெதுவாத்தான் ஏறினேன், காலை ஊனிட்டேன்" என்ற மகள், பிறகு முகம் சுருங்கிக் கேட்டாள். "நீ பூட்டின வண்டியிலயே செயின் கழலுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். புதுச் செயின் என்று சொன்னால் மகள் நம்பியிருப்பாள். ஆனால் நாளைக்கும் இதே வண்டியில்தான் ஏறுவாள். தாய் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

"நான்தான்டி. நிறுத்துன்னு ஸ்பேனர் சொல்லிச்சு, நான் நிறுத்தலை. குழாய் விட்டுப் போச்சோ என்னவோ, சத்தம் கேட்டுச்சு. கேட்டும் உன்னை ஏற விட்டேன். உனக்காகப் பயந்து பயந்தே உன்னைக் கொல்லப் பாத்தேன்."

அழுகிற அம்மாவின் கையிலிருந்து மகள் எல்-கீயை விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அந்தப் பிடி அப்படி. வண்டியை உருட்டிக்கொண்டு இருவரும் பட்டறைக்குத் திரும்பினார்கள்.

முதலாளி கிளாம்பைக் கழற்றினார். குழாய் ஒரு பக்கம் நசுங்கி வட்டம் கெட்டிருந்தது. அதனால்தான் முன்மாற்றி கோணிக்கொண்டு செயினை உள்பக்கம் தள்ளியிருந்தது. பெயின்டைச் சுரண்டி, விளக்கைப் பிடித்து, நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். அவர் வாய் திறக்கும்வரை தாய் மூச்சு விடவில்லை. விரிசல் இல்லை, எஃகு என்பதால் பிழைத்தது, ஆனால் இந்த இடத்தில் இனி எதையும் கட்டக் கூடாது என்றார். தாய் அவர் சொன்னதை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டாள்.

ஆக, மிச்சம் இருந்தது அந்த ஒட்டுப் போட்ட தவலைதான். முதலாளி தகட்டை எடுத்து நீட்டினார். இதைப் பிடிக்கும் அச்சுக்கிண்ணம் தடித்த இரும்புக்குள் திருகுவது, லேசாக விட்டால்தான் ஆபத்து என்றார்.

"இது உன் கைக்குன்னே பண்ணினதும்மா. உனக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு இறுக்கு."

வண்டிக்கு எந்த வகை நல்லது என்றே இத்தனை நாளும் பார்த்திருந்தாள். பூட்டுகிற கைக்கு எது நல்லது என்று பார்க்கத் தோன்றவே இல்லை. நீளமான ஸ்பேனரைப் போட்டு உடம்பு முழுவதையும் சாய்த்து இறுக்கினாள். கிண்ணம் அடியில் போய் உட்கார்ந்தது. மீதியிருந்த சின்னத் திருகுகளில் அவள் கை போனபோது மகள் தட்டிவிட்டாள்.

"கைய எடும்மா. இதை நான் பாத்துக்கறேன்."

எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

வேலையின் முதல் நாள் விடியலில் மகள் புறப்பட்டபோது, பின்னாலேயே ஓட வேண்டாம் என்று கணவர் வாசல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். அவள் சமையலறையில் போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்பா விழுந்த மேடு, மகள் மிதிக்கும் மேடு, இரண்டும் ஒன்றாகி மனதுக்குள் ஏறிக்கொண்டே இருந்தன. போன் அடித்ததும் எடுக்கத் தெரியாமல் தடுமாறினாள்.

மேலே வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள் மகள். செயின் ஒரு தடவைகூடக் கழலவில்லையாம்.

தாய் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. நல்லவேளை என்று சொல்லப்போகிறாள் என்று கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி கண்ணு" என்றாள். "சாயங்காலம் இறங்கணுமே."