பாதாம் இலைத் தையல்

ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள் நான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணப்பெண்ணின் முகத்துக்கு முன்னால் ஜாக்கெட்டின் தையல்தான் என் கண்ணில் படும். கம்பெனியில் சரியில்லாத தையலை ரீ-ஒர்க் என்று திருப்பி அனுப்புவார்கள். என்னுடையது ஒன்றும் திரும்பியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஆம்பூரில் கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிடும் இடத்தில் ஒரு பூங்கா. பள்ளிகொண்டா பஸ் வரும்வரை நானும் பக்கத்து மெஷினில் தைக்கும் தோழியும் அங்கே உட்கார்ந்திருப்போம். பெஞ்சுக்குப் பின்னால் இடுப்பளவு பாதாம் கன்று. அதில் ஓர் இலையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து யாரோ தைத்திருந்தார்கள். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் தையல்சிட்டுக் குஞ்சுகள். கட்டைவிரல் அளவு தாய், வாலைத் தூக்கிக்கொண்டு புழுவோடு வந்துபோனாள். எனக்கு ஒரே கேள்விதான்: முடிச்சை எங்கே போடுகிறாள்? தினமும் குனிந்து தேடினேன், அகப்படவில்லை.

"போட்டா இன்னா, போடாட்டி இன்னா? நம்ம சூப்பர்வைசரா வந்து செக் பண்ணப்போறாரு" என்றாள் தோழி.

ஒருநாள் மத்தியானம் காற்றும் மழையும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் இலையின் தையல் பாதி பிரிந்து, கூடு வாய் பிளந்து தொங்கியது. குஞ்சுகள் விளிம்புக்குச் சரிந்திருந்தன. விளக்குக் கம்பத்தில் ஒரு காக்கை. விரட்டினாலும் திரும்பி வந்தது. தாய்ச்சிட்டு கத்திக்கொண்டே சுற்றினாள்.

தைத்துவிடலாம், ஆனால் ஊசி? கம்பெனியிலிருந்து ஊசி வெளியே வராது. உடைந்தால்கூடத் துண்டுகளைப் பொறுக்கிக் காட்டினால்தான் புதுசு கொடுப்பார்கள். நான் முழிப்பதைப் பார்த்துத் தோழி தன் முக்காட்டில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி நீட்டினாள். நூலுக்குப் பஞ்சமில்லை, எங்கள் துணியெல்லாம் அதுதான் ஒட்டியிருக்கும்.

ஓட்டை போட்டு நூலை நுழைத்து, வழக்கம்போலச் சுண்டி இழுத்தேன். இலை கிழிந்தது.

"இன்னாடி பண்ற, இது தோலா? ஜாஸ்தி இழுக்காத."

பிரியாமல் மிச்சமிருந்த பழைய தையலை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். சிட்டு இழுக்கவே இல்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் பஞ்சைச் செருகி, வெளியே கொஞ்சம் புசுபுசுவென்று விட்டிருந்தாள். அந்தப் புசுபுசுப்பே நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நானோ முடிச்சைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். தோழி இலையைக் கூட்டிப் பிடிக்க, நூலைச் சுருட்டி அதேபோலச் செருகினேன். இலை நின்றது. பஸ் போய்விட்டது.

"மனுசக் கை பட்டுடுச்சே, தாய் வருமோ இன்னாவோ" என்றாள் தோழி. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பஸ்ஸிலிருந்து முதல் ஆளாக இறங்கி ஓடினேன். சிட்டு புழுவோடு உள்ளே நுழைந்தாள், குஞ்சுகள் கத்தின. அவள் வெளியே பறந்ததும் குனிந்து பார்த்தேன். நான் செருகிய நூல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் புதிதாக ஓர் ஓட்டை, அதில் வெள்ளைப் பஞ்சு.

"உன்து ரீ-ஒர்க்குக்குப் போய்டுச்சுடி" என்றாள் தோழி.

இத்தனை வருஷ வேலையில் அதுதான் முதல் தடவை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.