மண் கக்கிய அயிரை

பாடி மேம்பாலத்துப் பக்கம் மெஸ் நடத்தும் சுலோசனா வைகை ஆற்றைக் கண்ணால் பார்த்தவளில்லை. பட்டறைகளில் வேலை செய்யும் தேனிக்காரர்கள் நச்சரித்ததால்தான் வாரம் ஒரு நாள் வைகை அயிரை மீனைத் தேனியிலிருந்து பஸ்ஸில் உயிரோடு வரவழைத்துக் குழம்பு வைக்க ஆரம்பித்தாள்.

விரல் நீளம்கூட இல்லாத மீன் அது. தெளிந்து ஓடும் தண்ணீரில் அடிமணலோடு கிடந்து, மணலைச் சலித்து இரை தின்னும். அதன் வயிற்றைக் கீறிக் கழுவ யாராலும் ஆகாது. முழுசாகத்தான் குழம்பில் போட வேண்டும். அதனால் உயிரோடு பாலில் விட்டு, தின்ற மண்ணைக் கக்க வைப்பார்கள். சுலோசனா ஒன்றுக்கு மூன்று தரம் பால் மாற்றுவாள்.

"பால மாத்தியே மெஸ்ஸ மூடிடுவ போல கீதே" என்று தலையில் அடித்துக்கொள்வான் கணவன் கோவிந்தராஜ். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். தன் குழம்பில் மண் கடிபடாது என்பதில் அவளுக்கு அத்தனை கர்வம்.

அந்தக் கர்வத்துக்கு வேட்டு வைத்தவர் லேத் பட்டறை கார்த்திகேசன். அசல் தேனிக்காரர். "பாடிக்கார அம்மா போடுறது நெத்திலி மீனுய்யா" என்று அவர் கொளுத்திப்போட்ட பேச்சு பட்டறை பட்டறையாகப் பரவியது. குழம்பு மிஞ்சியது. அயிரையையே நிறுத்திவிடலாம் என்றான் கோவிந்தராஜ்.

அப்போது பார்த்து சுலோசனா ஜுரத்தில் படுத்தாள். கோவிந்தராஜ் மீனைத் தண்ணீரில் அலசிக் குழம்பில் கொட்டிவிட்டான். குறை சொல்லவாவது வந்துவிடும் கார்த்திகேசன் முதல் கவளத்திலேயே நறுக்கென்று கடித்தார். கோவிந்தராஜுக்கு வியர்த்துவிட்டது. அவருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி.

"மண்ணு கடிக்குது பாருங்கய்யா! இதுதான் அயிரை!"

சட்டி காலி. கோவிந்தராஜ் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னான்: "இன்மே நீ ரொம்ப கழுவாத சுலோ. கொஞ்சம் மண்ணு இருந்தாத்தான் நம்புறானுங்க."

சுத்தமாகச் செய்தால் போலி, அரைகுறையாகச் செய்தால் அசல். ஜுரத்தைவிட அதுதான் அவளைச் சுட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

அடுத்த வாரம் வழக்கம்போல் பால் மாற்றினாள். மெஸ் நிறைய ஆட்கள். கார்த்திகேசன் ஒரு வாய் போட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

"என்னக்கா, திரும்பவும் நெத்திலியா?"

சுலோசனா உள்ளே போனாள். பாலை வடித்த பிறகு பாத்திரத்தின் அடியில் தங்கியிருந்த மண்ணை ஒரு கிண்ணத்தில் வழித்துக்கொண்டு வந்து, அவர் இலை ஓரத்தில் வைத்தாள்.

"இந்தா அண்ணாத்தே, உங்க ஊர் மீனு கக்குனது. வோணும்னா தொட்டுக்கினு சாப்புடு."

சிரிப்பில் பந்தியே குலுங்கியது. கார்த்திகேசன் கிண்ணத்தை மெதுவாக ஓரம் நகர்த்திவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.