வெள்ளிக்கிழமைக் கல்லா

என் அப்பா நல்லசிவத்துக்கு வாரத்தில் இரண்டே வகை நாள்தான். வெள்ளிக்கிழமை ஒரு வகை, மற்ற ஆறும் இன்னொரு வகை. வெள்ளிக்கிழமை எங்கள் ஜவுளிக்கடைக் கல்லாவிலிருந்து காசு வெளியே போகாது. கரண்டு பில், கூலி, சரக்குக்காரர் பாக்கி எல்லாம் வியாழனோடு சரி, இல்லாவிட்டால் சனிக்கிழமை. வாடிக்கையாளருக்குத் தரும் மீதிச் சில்லறைக்கு மட்டும் மகாலட்சுமி எப்படியோ அனுமதி கொடுத்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒற்றைத் துணிமூட்டையோடு தி.நகருக்கு வந்தவர் அவர். கடை நிலைத்தது அந்தப் பழக்கத்தால்தான் என்று நம்பினார்.

நான் அடையாற்றில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் பிசியோதெரபி படித்தேன். மூன்று வருஷப் படிப்பு, வருஷத்துக்கு மூன்று தவணை. செய்முறைக்குத் தனிக் கட்டணம். சேரும்போது நூறு ரூபாய் முன்பணம். எதையும் உடைக்காமல் படித்து முடித்தால் திரும்ப வரும் என்றார்கள். "குடுத்த துட்டு திரும்பி வரும்னு சொல்லுதவன்கிட்ட நான் சரக்கே எடுக்க மாட்டேன்" என்றார் அப்பா. ஆனாலும் கட்டினார்.

கடைசி வருஷம் ஆறு மாதம் ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி, அதற்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும் என்றதும் மனிதர் ஆடிப்போனார். "எங் கடையில வேல பழகுதவனுக்குச் சோறும் போட்டுச் சம்பளமும் குடுக்கேன். அங்க வேலயும் பாத்துத் துட்டும் குடுக்கணுமாட்டி?"

அன்றைக்கு மட்டும் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

அந்தப் பணத்துக்குக் கடைசி நாள் 1974 தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை. தீபாவளி வியாபாரத்தில் அப்பாவுக்கு என் முகமே மறந்திருந்தது. நானும் கடையில் துணி மடித்துப் போட்டே தேதியை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பணம் கேட்டபோது அவர் நிமிரக்கூட இல்லை. "நாளைக்குக் கட்டு. அபராதம் வேணா போட்டுக்கிடட்டும். தீபாவளி கழிஞ்சு ஒரு நாள் தள்ளிக் குடுத்தா எவனும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டான்."

சொல்வார்கள். பயிற்சி நிலைய ஆபீசில் வால்டர் சார் பட்டியலை எடுத்துக் காட்டினார். பணம் கட்டியவர்களின் பெயர் மட்டும் அன்று நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும். விட்டால் அடுத்த வருஷம்தான், மறுபடியும் முழுப்பணம். "நாலு வரைக்கும் வெய்ட் பண்றேன் தங்கபுஷ்பம். அதுக்கு மேல என் கையில இல்லம்மா" என்றார்.

இன்னொரு வருஷம் என்னை யார் படிக்க விடப்போகிறார்கள்? நான் கடைக்குத் திரும்பி, துணிக்கட்டுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அப்பா காதில் விழாத மாதிரி ஒரு கெஜம் துணியை மூன்று தடவை அளந்தார்.

கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த அப்துல் வஹீத் அப்போதுதான் ஜும்மா தொழுகை முடித்து வந்தார். "இன்னா மொதலாளி, பாப்பா அயுதுகினு கீது?" என்று கேட்டார். நான் சொன்னேன். தீபாவளிக்கு ராப்பகலாகத் தைத்த பணத்தைத் துணியில் முடிந்து மிஷின் டிராயரில் வைத்திருந்தார். அதை அப்படியே எடுத்து நீட்டினார். "இன்னிக்கு நான் கட்டறேன், நீ நாளைக்குக் குடு மொதலாளி. எங்களுக்கு வெள்ளிக்கியம துட்டு குடுக்கக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல."

சாஸ்திரமும் கெடாது, என் படிப்பும் கெடாது. அப்பா உடனே ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங் கல்லாத் துட்டு போவக் கூடாது, ஒங்க துட்டு போவலாமா? உள்ள வைங்க பாய்."

பிறகு கல்லாவைத் திறந்தார். சுவரிலிருந்த மகாலட்சுமி படத்தின் பக்கம் திரும்பாமலே நோட்டுகளை எண்ணினார். என்னோடு பஸ் ஏறி அடையாறு வந்து, தன் கையாலேயே கட்டினார். "ரசீதுல நாளைத் தேதி போடலாமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். வால்டர் சார் மாட்டேன் என்றார். மணி மூன்றே முக்கால்.

அடுத்த ஒரு வாரம், வாடிக்கையாளர் யாராவது வெறுங்கையோடு படியிறங்கும்போதெல்லாம் அவர் முகம் வெளுத்தது. அவர் மனம் மாறிச் செய்யவில்லை, பயந்துகொண்டேதான் செய்தார். எனக்கு அதுதான் இன்றைக்கும் பெரிது.

அடுத்த வெள்ளிக்கிழமை முதன்முறையாக வார்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு முப்பது பைசா கேட்டேன்.

"நேத்தே கேக்கக் கூடாதாட்டி?" என்றார் அப்பா.