சாமி வேறு வண்டி அனுப்பும்

அம்மாவின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகள் எழுதுவது. நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். முயன்று பார்க்கிறேன்.

அம்மா இந்த மலாய் மண்ணில், கெப்பாலா பத்தாஸ் என்ற ஊரில் பிறந்தார். மணமாகி ஜார்ஜ் டவுனுக்கு வந்தவர், நான் பள்ளியில் சேருமுன்பே அப்பாவை இழந்தார். பள்ளிக்கூடம் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்து என்னை வளர்த்தார். என்னை மட்டுமா? மாமாக்கள் இருவரும் எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தார்கள், எங்கள் வீட்டிலிருந்துதான் மாப்பிள்ளைக் கோலத்தில் கிளம்பினார்கள். அம்மா இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது குடும்பம் கூடிப் பேசியது. எனக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, எல்லா நாளும் அழைத்துப் போக முடியாது. "வியாழக்கிழமை நான் கொண்டு போறேன்லா. எங்க அக்காவுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்" என்றார் பெரிய மாமா. மற்ற நாள்களுக்கும் ஆள் சேர்ந்தது. நான் பெயர்களைக் காலண்டரில் குறித்து வைத்தேன். அம்மா "பாப்போம்" என்றதோடு சரி.

சில மாதங்களில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குப் பேரனின் டியூஷன். வராதவர்கள் எல்லாரும் மறக்காமல் அம்மா பெயரில் அர்ச்சனை செய்தார்கள். பெரிய மாமாவும் ஒருநாள் திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தார். "கவலப்படாதீங்கக்கா, பூர நட்சத்திரத்துக்கு அர்ச்சனை பண்ணிட்டேன். இனி சாமி பாத்துக்கும்" என்றார். அம்மாவின் நட்சத்திரம் உத்திரம். அவர் போனதும் நான் கொதித்தேன். அம்மா சிரித்தார். "விடுடி. அவனுக்குத் தெரியலன்னா என்ன, சாமிக்கு என்னைத் தெரியாதா?"

அம்மா "சாமி பாத்துக்கும்" என்றால் அது நம்பிக்கை. நீங்கள் சொன்னால், வாசலில் செருப்பைத் தேடுகிறீர்கள் என்று பொருள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, வருகிறேன் என்று பெரிய மாமா சொல்லியிருந்ததால், அம்மா சேலை உடுத்தி, பையை மடியில் வைத்துக்கொண்டு, மதியம் முழுக்க வாசல் நாற்காலியில் காத்திருந்தார். மாமா வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. என் போன் தொழிற்சாலை லாக்கரில் கிடந்தது. மறுநாள் நுரையீரலில் நீர் ஏறி, மூச்சுத் திணறி, அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தோம்.

"மாமாவ நாலு கேள்வி கேக்கட்டுமா?" என்றேன்.

"கேக்காத. சாமி வேற வண்டி அனுப்பும்."

அனுப்பியது. எதிர்வீட்டு மலாய்க்காரத் தம்பி வாடகைக்கார் ஓட்டுபவர். விஷயம் தெரிந்து அவராகவே வந்தார். "மாச்சிக்" என்று, தன் அத்தையை அழைப்பதுபோல் அழைத்து, கைபிடித்து ஏற்றிக்கொண்டு போய், கூட்டி வந்து விடுவார். அம்மாவுக்கு இதில் வியப்பே இல்லை. ஆனால் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் உடம்பு தேறவேயில்லை.

கடைசி வாரம் படுக்கையில் என்னிடம் சொன்னார்: "யார் மேலயும் கோவப்படாதடி. மனுசன நம்பாத, சாமிய நம்பு. அவ்வளவுதான்."

அம்மா போன அன்று எங்கள் சாலையில் கார் நிறுத்த இடமில்லை.

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். அந்தத் தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நேரில் சொல்லிவிட்டேன். உறவினர்களே, உங்களுக்கும் நன்றி. மனிதரை நம்பாதே என்று அம்மா சொன்ன பாதியை எனக்கு நன்றாகக் கற்றுக் கொடுத்தீர்கள். மறுபாதிதான் எனக்கு இன்னும் வரவில்லை.