அறுபதாவது எழுத்தோடு நின்ற புகார்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் போனில் புகார் வாங்குகிறவளுக்குப் பட்டாசக்கா என்று பெயர். வெடித்தால் மூன்று மேசை தள்ளிக் கேட்கும். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆட்கள் சொல்வதைச் சொன்னபடியே கம்ப்யூட்டரில் தட்டிவிடுவாள். "தூக்கத்துலயும் 'உங்க புகாரைச் சொல்லுங்க'ங்கிறா" என்று அவள் புருஷன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அப்பேர்ப்பட்டவள் மேல் மெமோ வந்தது. நாலாவது மாடியில் ஒரு பெரியவர், கதவு திறந்ததும் காலை வைத்தார். லிஃப்ட் அங்கே இல்லை, ஒரு மாடி கீழே நின்றிருந்தது. விழுந்ததில் இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். முந்தின நாளே அவர் மருமகள் போன் செய்திருந்தாள். மெக்கானிக் கைக்கு வந்ததோ இவ்வளவுதான்: "வணக்கம்மா, நாலாவது மாடியிலேர்ந்து பேசுறேன், போன வாரமும் சொன்னோம், லிஃப்ட் கொஞ்சம் சத்தம் போடுது,". அவன் போய் எண்ணெய் விட்டுவிட்டு வந்துவிட்டான்.

"கதவு விஷயத்தை நீங்க போடவே இல்லையேம்மா," என்றார் மேனேஜர். "வேலையே போயிடும், தெரியும்ல?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "போடலையா? நானா? 'லிஃப்ட் வராமலே கதவு தொறந்துக்குது'ன்னு இதே கையால அடிச்சேன் சார்! வாங்க, நீங்களே அடிச்சுப் பாருங்க!"

விடவில்லை. அவரையே உட்கார வைத்து முழுப் புகாரையும் அடிக்க வைத்தாள். திரையில் எல்லாம் தெரிந்தது. சேமித்துவிட்டுத் திரும்பத் திறந்தால் "போடுது," என்பதோடு நின்றது. மிச்சம் போன இடம் தெரியவில்லை.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பார்த்தார். "அந்தக் கட்டத்துல அறுபது எழுத்துதான் நிக்கும்மா. தாண்டினா முன்னெல்லாம் சேமிக்காம எச்சரிக்கை காட்டும். அதால போன்ல நேரமாகுதுன்னு, ஆறு மாசம் முன்னாடி மேனேஜர் சார்தான் எடுக்கச் சொன்னாரு. இப்ப மீதியைச் சத்தமில்லாம வெட்டிடும்."

ஆறு மாசம்! பாவிகளா!

மேனேஜர் மெமோவை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி சரி, விடுங்க. இனிமே எதையும் சுருக்கமா அடிங்க."

"சுருக்கமாத்தானே? சொல்றேன். தப்பு உங்களுது. அறுபதுக்குள்ள அடங்குதான்னு எண்ணிப் பாருங்க சார்!"

பிறகு ஹெட்போனை மாட்டினாள். அந்த ஆறு மாசத்தில் சரியாக அறுபதாவது எழுத்தோடு நின்ற புகார்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு. முதல் எண்ணை அழுத்தினாள்.

"லிஃப்ட் கம்பெனியிலேர்ந்து பேசுறேங்க. அன்னைக்கு என்ன சொன்னீங்களோ, அதைக் கடைசி வரைக்கும் சொல்லுங்க. கேட்டுக்கிட்டு இருக்கேன்."