எமில்டாவின் கனடாப் பெட்டி

கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவுக்குப் பக்கத்தில் இருந்த கவுன்சில் நூலகத்தின் மாடியில் எமில்டா வேலைக்குச் சேர்ந்தது 1987 இல். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மன்னாரில் இரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள். லண்டனுக்கு வந்த பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் கொஞ்சக் காலம், ஒரு தையல் தொழிற்சாலையில் கொஞ்சக் காலம் என்று போய், கடைசியில் இந்த வேலை கிடைத்தது. கணவர் பெனடிக்ற்றுக்கு ஆற்றங்கரையோரச் சீனித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

மாடியில் இருந்தவை இரவல் கொடுக்காத புத்தகங்கள். சட்டம், மருந்து, வரைபடம், தொலைபேசிப் புத்தகம், அன்றன்றைய பத்திரிகைகள். கேட்டு வருகிறவருக்கு வேண்டியதை எடுத்துக் காட்டுவதுதான் எமில்டாவின் வேலை. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சட்டம், நோய், பணம் இந்த மூன்றிலும் புத்தகத்தைக் காட்டலாம், அபிப்பிராயம் சொல்லக்கூடாது. சேர்ந்த முதல் நாளே தலைமை நூலகர் இதை இரண்டு தரம் சொன்னார். ஒல்லியான, குரல் உயர்த்தாத ஆங்கிலேயப் பெண்மணி அவர்.

தொண்ணூறுகள் பிறந்தபோது லண்டன் தமிழர் வீடுகளில் கனடாப் பேச்சு கூடிவிட்டது. யாரைக் கேட்டாலும் ஒரு தம்பியோ மச்சாளோ ரொறன்ரோவில் இருந்தார்கள். அவர்களில் சிலர் பரீட்சை எழுதி முதலீட்டு நிதி விற்கும் முகவர்களாகவும் ஆகியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் சுகம் விசாரித்து முடிந்ததும் பேச்சு அந்தப் பங்கு, இந்த நிதி என்று திரும்பிவிடும். பெற்றோல் ஷெட்டிலும் தபால் கந்தோரிலும் வேலை செய்து கொஞ்சம் மிச்சம் பிடித்தவர்களுக்கு ஆசையும் வந்தது, பயமும் வந்தது. வங்கியில் போய்க் கேட்டால், கனடா விஷயம் எங்களுக்குத் தெரியாது என்று கையை விரித்தார்கள். அப்படித்தான் ஒவ்வொருவராக நூலகப் படி ஏறத் தொடங்கினார்கள். பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகையில் ரொறன்ரோப் பங்கு விலைகள் பொடி எழுத்தில் வரும் என்பது எப்படியோ பரவிவிட்டது.

1992 இல் ஒருநாள் லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியிலிருந்து தவமலர் வந்தாள். மருத்துவமனைத் தாதி, இரண்டு பிள்ளைகளின் தாய். கனடாவில் குடியேற அனுமதி கிடைத்துவிட்டது. போய் இறங்கியதும் கையில் இருக்கும் பணம் முழுவதையும் ஒரு நிதியில் போடச் சொல்லி அங்கேயிருந்த அண்ணன் படிவம் அனுப்பியிருந்தார்.

“கையெழுத்து வைக்கிற இடத்திலை புள்ளடி போட்டு அனுப்பியிருக்கிறார் தங்கச்சி. மற்றதெல்லாம் என்னெண்டு எனக்கு விளங்கேல்லை” என்றாள்.

எமில்டாவுக்கும் விளங்கவில்லை. அதை ஒளிக்காமல் சொன்னாள். பிறகு அந்த நிதிக் கம்பெனியின் ரொறன்ரோ விலாசத்துக்கு, நூலகத்தின் கடிதத்தாளில், உங்கள் விளக்கப் புத்தகத்தில் ஒரு பிரதி வேண்டும் என்று நாலு வரி எழுதிப் போட்டாள். மூன்று கிழமையில் தடித்த உறை வந்தது. மதிய இடைவேளைகளில் சாண்ட்விச்சைக் கடித்தபடி அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை இருந்தது. போட்ட பணத்தை முதல் வருடத்தில் திருப்பி எடுத்தால் இத்தனை வீதம் வெட்டுவார்கள், இரண்டாம் வருடம் கொஞ்சம் குறைவு. ஏழு வருடம் கழிந்தால்தான் வெட்டு இல்லை.

தவமலர் திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தை விரித்து வைத்தாள்.

“அப்ப நான் போடட்டோ, விடட்டோ?”

“அதை நான் சொல்லக்கூடாது அக்கா. இந்தக் காசை எப்ப எடுக்கவேணும் எண்டு யோசிச்சிருக்கிறியள்?”

“வீடு வாங்கத்தானே. ரெண்டு வருசத்திலை.”

“அப்பிடியெண்டால் இந்த வரியை ஒருக்கா வாசியுங்கோ.”

தவமலர் விரலை வைத்து வாசித்தாள். இன்னொரு தரமும் வாசித்தாள். “அண்ணர் இதைச் சொல்லேல்லையே” என்றாள் மெதுவாக. அந்தப் படிவம் அனுப்பப்படவேயில்லை.

எமில்டா அந்த விளக்கப் புத்தகத்தை எறியாமல் ஒரு சாம்பல் நிற அட்டைப் பெட்டியில் போட்டு, முதுகில் ‘கனடா’ என்று எழுதி வைத்தாள். அடுத்து வந்தவர் வேறொரு நிதியைப் பற்றிக் கேட்டார். அதற்கும் கடிதம் போனது. பிறகு ஒரு வங்கியின் ஆண்டறிக்கை, ஒரு குழாய்வழிக் கம்பெனியின் அறிக்கை, லண்டனில் இருப்பவருக்குக் கனடாப் பங்கிலாபத்தில் எவ்வளவு வரி பிடிப்பார்கள் என்ற அரசாங்கத் தாள். கேட்டால் சும்மா அனுப்புகிறார்கள், கேட்பாரில்லாததுதான் குறை என்று அவள் கண்டுகொண்டாள். 1995 ஆம் ஆண்டு முடியும்போது ஒரு பெட்டி மூன்று பெட்டியாகிவிட்டது. வெம்பிளியிலிருந்துகூட ஆட்கள் ரயில் மாறி வந்தார்கள்.

அடுத்த வருடம் வசந்தத்தில் கணேசலிங்கம் வந்தார். ஐம்பது வயது, பெற்றோல் ஷெட் வேலை, கையில் எப்போதும் ஒரு பிளாஸ்ரிக் பை. வட ஒன்ராறியோவில் தங்கம் தேடும் ஒரு கம்பெனியின் பங்குகளை அவர் வாங்கியிருந்தார். வாங்கச் சொன்னவர் ஸ்ரீஸ்கந்தராஜா. அவர் கணக்காளர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர், தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதென்றால் எல்லாரும் அவரைத்தான் தேடிப் போவார்கள். அவருடைய மச்சான் ஒருவர் ரொறன்ரோவில் பங்குத்தரகர் கந்தோரில் இருந்தார். மச்சான் சொன்னதை அவர் நம்பி, தானும் வாங்கி, வேண்டிய ஏழெட்டுப் பேருக்கும் சொல்லியிருந்தார்.

கணேசலிங்கத்துக்காக எமில்டா அந்தக் கம்பெனிக்கு எழுதினாள். அறிக்கை வந்தது. முன்னட்டையில் பனியும் பைன் மரங்களும். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார்.

“பிள்ளை, இந்த இங்கிலிஷ் எனக்கு ஓடாது. என்ன போட்டிருக்கிறாங்கள் எண்டு தமிழிலை சொல்லும்.”

எமில்டா யோசித்தாள். அபிப்பிராயம் சொல்லக்கூடாது. ஆனால் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்வது அபிப்பிராயமா? அல்ல என்று அவளுக்குப் பட்டது. முதல் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். தலைவரின் செய்தி இனிப்பாக இருந்தது. கடைசிப் பக்கங்களில் கணக்காய்வாளரின் குறிப்பு இருந்தது. அதையும் அப்படியே சொன்னாள்: “இந்தக் கம்பெனிக்கு இதுவரை வருமானம் எதுவும் இல்லை. புதிதாகப் பணம் திரட்டாவிட்டால் இது தொடர்ந்து நடக்குமா என்பது பெரும் ஐயம்.” அதற்கு அடுத்த பக்கத்தில், இயக்குநர்கள் இரண்டு பேர் தங்கள் சொந்தப் பங்குகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டதாக இருந்தது. அதையும் சொன்னாள்.

கணேசலிங்கம் தாடையைத் தடவினார். “அப்ப விக்கச் சொல்லுறீர்?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. இதிலை இருக்கிறதைத்தான் வாசிச்சனான்.”

அவர் வீட்டில் மனைவியோடு இரண்டு நாள் வாக்குவாதப்பட்டு, பாதிப் பங்கை விற்றார். மற்றப் பாதியை, ஸ்ரீஸ்கந்தராஜாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சத்தில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதமே விலை ஏறியது. ஏறியது என்றால் சும்மா இல்லை, இரண்டு மடங்கு. கணேசலிங்கம் பஸ் தரிப்பில் எமில்டாவைக் கண்டும் காணாதவர் போல மறுபக்கம் பார்த்தார். ஒரு கிழமைக்குப் பிறகு தலைமை நூலகர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. நூலக ஊழியர் ஒருவர் அனுமதி இல்லாமல் முதலீட்டு ஆலோசனை வழங்குகிறார், அதுவும் மேலதிகாரிகளுக்கு விளங்காத மொழியில் வழங்குகிறார், இது சட்டப்படி குற்றம் என்று நறுக்காக எழுதப்பட்டிருந்தது. கீழே முழுப் பெயரும் கையெழுத்தும். ஸ்ரீஸ்கந்தராஜா. பாதிப் பங்கு விற்ற கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“நீங்கள் கணேசலிங்கத்திடம் விற்கச் சொன்னீர்களா?”

“இல்லை. எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன்.”

“நான் உங்களை நம்புகிறேன் எமில்டா. ஆனால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரிய வழியில்லையே. அதுதான் சிக்கல்.”

அந்த வார்த்தையில் கோபப்பட ஒன்றும் இல்லை என்பது எமில்டாவுக்கு விளங்கியது. விசாரணை முடியும்வரை அவளைக் கீழே சிறுவர் பகுதிக்கு மாற்றினார்கள். ஒன்பது கிழமை படப் புத்தகங்களை அடுக்கினாள். யாராவது தமிழர் வந்து பெட்டியைக் கேட்டால், “இப்ப எனக்கு ஏலாது அண்ணை, மேலை போய் அவையிட்டைக் கேளுங்கோ” என்று சொல்லவேண்டியிருந்தது. அவர்கள் மேலே போகவில்லை. கீழே நின்று தயங்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அவளே ஒரு வழி சொன்னாள். கணேசலிங்கத்துக்கு வாய்மொழியாகச் சொன்னதை நினைவிலிருந்து வரிக்கு வரி தமிழில் எழுதிக் கொடுத்தாள். கவுன்சிலின் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்த லலிதா என்ற பெண் அதையும் ஆங்கில அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு எமில்டாவை முன்பின் தெரியாது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, ஒரு இடத்தில் ஒருமை பன்மை பிசகியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தாள். கணேசலிங்கத்தையும் அழைத்தார்கள். அவருக்கு இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை. என்றாலும் வந்து உண்மையைச் சொன்னார். “அவ வில் எண்டும் சொல்லேல்லை, வை எண்டும் சொல்லேல்லை. நான்தான் திருப்பித் திருப்பிக் கேட்டனான்.”

எமில்டா மாடிக்குத் திரும்பினாள், ஒரு நிபந்தனையோடு. இனி எதையும் வாயால் மொழிபெயர்க்கக்கூடாது. எழுதி, ஆங்கிலப் பக்கத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைக்கவேண்டும். அவளுக்கு அது தண்டனையாகப் படவில்லை. முக்கியமான பக்கங்களை மெல்ல மெல்லத் தமிழில் எழுதத் தொடங்கினாள். சொற்களுக்குத்தான் திண்டாட்டம். பணத்தைத் திருப்பி எடுக்கும்போது வெட்டுகிற தொகைக்கு ‘எடுப்புக் கட்டணம்’ என்று வைத்தாள். வருடா வருடம் நிதியை நடத்துகிறவர்கள் எடுத்துக்கொள்வதற்கு ‘நடத்துகூலி’. ஒருவர் சிரித்தார், ஆனால் கேட்டவுடன் விளங்குகிறது என்றும் சொன்னார்.

1997 இல் அந்தத் தங்கக் கம்பெனி கவிழ்ந்தது. நிலத்தடியில் இருப்பதாகச் சொன்ன தங்கம் வெட்டியெடுக்கக் கட்டுப்படியாகாத அளவு கொஞ்சம் என்று தெரியவந்தது. ஒரு திங்கட்கிழமை விலை பாதியானது. புதன்கிழமை அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பத்திரிகையில் அந்தப் பெயர் வரவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை, ஷிப்ட் முடிந்து வந்த பெனடிக்ற்றுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு எமில்டா எதிரில் உட்கார்ந்தாள்.

“கணேசலிங்கம் அண்ணைக்குப் பாதி போயிட்டுது. நான் அண்டைக்கு முகத்துக்கு நேரை வித்துப்போடுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்குமெல்லே?”

பெனடிக்ற் கோப்பையை வைத்தார். “அடுத்த மாதம் விலை ஏறேக்கை மற்றப் பாதிக்கும் உம்மைத்தான் ஏசியிருப்பார். உமக்கு அது ஏறுமோ இறங்குமோ எண்டு தெரிஞ்சிருந்ததோ?”

“இல்லை.”

“பிறகென்ன?”

அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. ஆனாலும் அவளுக்கு முழு நிம்மதி வரவில்லை. கணேசலிங்கம் பையோடு படியேறி வரும்போதெல்லாம் அவள் எழுந்து நின்று வரவேற்றாள். அவரும் பழையபடி கதைக்கத் தொடங்கினார். அந்தப் பாதியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஸ்ரீஸ்கந்தராஜா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். மழைக்கோட்டைக் கழற்றாமலே மேசைக்கு முன்னால் நின்று, ஒன்ராறியோவில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் விலாசம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எமில்டா எடுத்துக் கொடுத்தாள். முறைப்பாடு எழுதும் விதம் பற்றிய தாள் ஒன்றும் இருந்தது, அதையும் கொடுத்தாள். அவர் போகவில்லை.

“அந்தக் கடிதம் எழுதினது நான்தான்” என்றார் தமிழில்.

“தெரியும் அண்ணை. பேரைப் போட்டுத்தானே எழுதியிருந்தனீங்கள்.”

“அந்த அறிக்கை இருக்கோ?”

அவள் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். அவர் உட்கார்ந்து கணக்காய்வாளரின் குறிப்பை வாசித்தார். கணக்கே தொழிலாகக் கொண்ட மனிதர். இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் இதை வாசிக்கேல்லை பிள்ளை. மச்சான் சொன்னார், நான் மற்றாக்களுக்குச் சொன்னன். அறிக்கை எனக்கும் தபாலிலை வந்ததுதான். உறையை உடைக்கேல்லை.”

எமில்டா அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தாள். “முறைப்பாட்டுக்கு இந்தப் பக்கத்தின்ரை பிரதி தேவைப்படும். எடுத்துத் தாறன், இருங்கோ” என்று மட்டும் சொல்லி, பிரதி எடுக்கும் இயந்திரத்தை நோக்கி நடந்தாள். அந்த முறைப்பாட்டில் பணம் திரும்பி வரவில்லை. ஆனால் பங்கு வாங்கியிருந்த அந்த ஏழெட்டுப் பேரின் வீட்டுக்கும் ஸ்ரீஸ்கந்தராஜா ஒவ்வொன்றாகப் போய், தான் வாசிக்காமல் சொன்னதாக ஒப்புக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

1999 இல் எமில்டாவும் பெனடிக்ற்றும் முதல்முறையாகத் தங்களுக்கென்று ஆலோசனை கேட்டுப் போனார்கள். இல்போர்டில், ஒரு பல் வைத்தியசாலைக்கு மேல்மாடியில், அனுமதி பெற்ற ஆலோசகர் ஒருவர். இளைஞர், கழுத்தில் நல்ல ரை கட்டியிருந்தார். வட அமெரிக்கப் பங்குகளில் போடும் ஒரு நிதியை எடுத்துச் சொல்லி, பளபளப்பான தாள் ஒன்றை அவர்கள் பக்கம் தள்ளினார். எமில்டா அதைத் திறக்காமல், முழு விளக்கப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் அலுமாரிகளில் தேடி ஒன்றை எடுத்து வந்தார்.

அவள் பின்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். பெனடிக்ற் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் இரண்டு தரம் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். முக்கால் மணி நேரம் கழித்து எமில்டா தலை நிமிர்ந்தாள்.

“இதை நாங்கள் வாங்கினால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்த இளைஞரின் முகம் சிவந்துபோனது. பிறகு அவர் ஒரு தாளை எடுத்து, தொகையை எழுதி, அவள் பக்கம் திருப்பி வைத்தார். இதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்றார்.

“உண்மையைச் சொல்லுறான் போல கிடக்கு” என்றாள் எமில்டா கணவரிடம், தமிழில்.

“அப்ப போடுவம்” என்றார் பெனடிக்ற். மாதம் ஒரு சிறிய தொகை, வேண்டும்போது எடுப்புக் கட்டணம் இல்லாமல் எடுக்கக்கூடிய நிதி. இருவரும் கையெழுத்திட்டார்கள். பெனடிக்ற்றுக்கு இரண்டு மணி ஷிப்ட் இருந்தது. அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். எமில்டா விளக்கப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நூலகத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, இதை அதில் வைக்கலாமா என்று கேட்டாள்.